கொய்யாத் தலைக்கு மூன்று அசை

1958 ஜூலை 7, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து. வெயிலும் சாரலும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. தென்காசியில் அந்த மாதம் அப்படித்தான். மழை மேற்கே மலையில் பெய்யும். காற்று அதன் தூளை மட்டும் அள்ளிவந்து நம் சட்டையில் போடும். குடை விரித்தால் கம்பி பின்பக்கம் மடங்கும். நான் ஐந்தாம் ஃபாரம் வகுப்பறையின் ஈரச் சுவரில் ஒரு படத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். நான்கு ஆணி அடித்தேன். மூன்று பிடித்தன.

படம் என் கையால் எழுதியது. பூ காயான பிறகு அதன் புல்லிவட்டம், அதாவது பூவை அடியில் தாங்குகிற பச்சை இதழ் வட்டம், என்ன ஆகிறது என்பது பொருள். கத்தரிக்காயின் தலையில் அது பச்சையாகவே நிற்கும். சொடக்குத் தக்காளியில் காயோடு சேர்ந்து வளர்ந்து கூடாகும். கொய்யாவில் வாடிக் கறுத்துச் சுருங்கும், ஆனால் விழாது. பழத்தைக் கடிக்கிறவன் அதைக் கிள்ளி எறியும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத் தமிழில் எழுதியிருந்தால் ஒரு வரியோடு முடிந்திருக்கும். பாடப்புத்தகமும் தமிழில்தான் இருந்தது. நானோ கல்லூரிக் காலத்துத் தாவரவியல் அகராதியைப் புரட்டி, லத்தீனில் 'வாடுதல்' என்ற வினையிலிருந்து பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொய்யாவின் கீழே சிவப்பு மையில் எழுதிவைத்தேன். மொத்தம் பத்து எழுத்து. அவற்றில் இரண்டு 'சி'. அந்த இரண்டும்தான் என் குடியைக் கெடுத்தன.

நான் அப்போது தாற்காலிக ஆசிரியன், மூன்றாவது ஆண்டு. தாற்காலிகம் என்றால் பத்து மாதச் சம்பளம். கோடை விடுமுறை இரண்டு மாதமும் நான் யாரோ, பள்ளிக்கூடம் யாரோ. அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்து நல்ல வார்த்தை எழுதினால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மேனேஜர் என்றால் பள்ளிக்கூடத்தின் நிர்வாகி; பழைய நிலக்காரக் குடும்பம், கையெழுத்துப் போடுகிற கை. நிரந்தரமாகாவிட்டால் புளியங்குடியில் என் மாமனார் காத்திருந்தார். எலுமிச்சை கமிஷன் கடை. "கணக்குல புலிங்காவளே மாப்ளய. வந்து காய எண்ணட்டும்" என்று என் மனைவியிடம் சொல்லியனுப்புவார். ஊராரிடம் என்னைப் பற்றிப் பேசும்போது 'டெம்பரரி' என்பார். "டெம்பரரி வந்திருக்காரு, காப்பி போடு" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு மூன்றாவது ஆணிக்கும் நான்காவதுக்கும் நடுவில், பையன்கள் முப்பத்தெட்டுப் பேருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். 'சி'க்கு 'ச' போட்டு, மார்செஸ்ஸென்ட். அவர்கள் மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். அப்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். ஆங்கிலம் படித்தவர், ஓய்வு பெறும் வயது கடந்து, நீட்டிப்பில் இருந்தவர். கண்ணாடியை ஏற்றிப் படத்தைப் பார்த்தார்.

"பேஷ். மார்கெஸ்கென்ட்" என்றார். "லத்தீன்ல 'சி' வந்தா 'க'தான் வே. எனக்குச் சொல்லிக்கொடுத்தது வெள்ளக்கார புரொபசராக்கும்."

"ஆமா சார், மார்கெஸ்கென்ட்" என்றேன் நான்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்பம் இது வேற பழமா?" என்று கேட்டான். அவனை உட்காரச் சொன்னேன்.

நான் உடனே மாற்றிச் சொன்னதை இந்தக் காலத்து ஆள் கோழைத்தனம் என்பான். எங்கள் பக்கத்தில் அதற்கு மரியாதை என்று பெயர். பெரியவர் ஒருவர் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறாரோ, அவர் முன்னால் மற்றவர்களும் அப்படியே சொல்ல வேண்டும். திருத்துவது என்பது அவர் துண்டைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். எங்கள் மேனேஜர் தெர்மாமீட்டரை 'தெர்மாஸ்மீட்டர்' என்பார். அவர் சோதனைச்சாலைக்கு வந்தால் தெர்மாமீட்டர் மூன்றும் தெர்மாஸ்மீட்டர் ஆகிவிடும். கடைசியில் இருப்புப் புத்தகத்திலேயே அப்படி ஏறிவிட்டது. தணிக்கைக்கு வந்தவரும் மேனேஜர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததால், தெர்மாஸ்மீட்டர் மூன்று சரி என்று டிக் அடித்தார்.

சொல்லை அழித்துவிட்டிருக்கலாமே என்பீர்கள். அன்று மாலையே மேனேஜர் வந்து படத்தைப் பார்த்துவிட்டார். படிக்கவில்லை, பார்த்தார். "செவப்பு மையில இங்கிலீஷ்! இன்ஸ்பெக்டர் கண்ணுல படுத மாதிரி மாட்டும் வே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆசிரியர் அறையில் தமிழ்ப் பண்டிதரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு விரலை மடக்கினார்.

"அசை பிரிப்போம். மார், நேர். செஸ், நேர். ஸென்ட், நேர். தேமாங்காய். நீரு அவசரத்துல மார்செசென்ட்டுன்னு அமுக்கிட்டா, மார் நேர், செசென்ட் நிரை. கூவிளம்."

"ஹெட்மாஸ்டர் சொல்லுதது?"

"'க' போட்டாலும் தேமாங்காய்தான். ஆக ஒண்ணு மாங்காய், ஒண்ணு கூவிளம்ங்கிற வில்வம். உம்ம கொய்யா எதுலயும் வரல வே."

அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் வருவது பதினாறாம் தேதி, புதன்கிழமை. அவர் 'ச' கட்சியா 'க' கட்சியா என்பது தெரிந்தாக வேண்டும்.

இங்கே எங்கள் ஊர் இன்ஸ்பெக்ஷன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலங்குளத்துப் பள்ளிகளுக்கு அது எந்த மாதத்திலும் வரும். எங்களுக்குச் சாரல் தொடங்கினால்தான் வரும். பள்ளிக்கூடம் மட்டுமில்லை, வருவாய், மராமத்து, கூட்டுறவு என்று ஜில்லாவில் உள்ள எல்லா இலாகாவுக்கும் குற்றாலத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களின் குறைகள் ஜூன் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் மாதத்தில் எங்கள் கூரை இடிந்து விழுந்தாலும் கேட்க நாதி இல்லை. ஜூலையில் கரும்பலகையின் கறுப்பு போதாது என்று பத்து நாள் தங்கி விசாரிப்பார்கள். இன்ஸ்பெக்டர் அந்த முறை குற்றாலத்தில் எங்கள் மேனேஜரின் பங்களாவிலேயே தங்கியிருந்தார். குடும்பத்தோடு ஏழு பேர்.

சனிக்கிழமை பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். பெரிய அருவிக்கு முன்னால் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக வேலையில் இருந்தார்கள். தேய்த்துக்கொள்கிறவர்கள் பதினேழு பேர், எல்லாரும் ஒரே மாதிரி மினுமினுத்தார்கள். உத்தியோகத்தைச் சட்டையைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறோம் என்பது அங்கேதான் புரியும். தாசில்தாரும் தவிட்டு வியாபாரியும் ஒரே துண்டில் இருந்தார்கள். முன்பு ஒரு முறை பார்த்த வழுக்கையை வைத்து இன்ஸ்பெக்டரை அடையாளம் கண்டேன். அவர் பக்கத்துக் கல் காலியாக இருந்தது. நானும் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். என் தலையில் எண்ணெய் விழுந்தது.

"சார், நான் தென்காசி ஸ்கூல்ல நேச்சுரல் சயின்ஸ்" என்றேன்.

"புதன்கிழம வாரேனே, அங்கன பேசுவோம்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். கொய்யாப்பழத் தலையில வாடிப்போயி ஒட்டிக்கிட்டிருக்குமே, அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த..."

"அதா?" முதுகில் ஓர் அடி விழுந்தது. "மார்." இன்னோர் அடி. "செஸ்." மூன்றாவது. "ஸென்ட்."

"ஐயா, பேசாதீய. வாயில எண்ண எறங்கிரும்" என்றார் தேய்க்கிறவர்.

இவ்வளவு சுத்தமாக அசை பிரித்து நான் கேட்டதே இல்லை. 'ச'தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் முதுகில் இருந்த கை விடவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒங்க ஹெட்மாஸ்டர் எப்பிடிச் சொல்லுதாவ?"

"'க' போட்டுச் சொல்லுதாவ சார்."

இன்ஸ்பெக்டர் திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார். "எனக்கு மூணாம் ஃபாரத்துல இங்கிலீஷ் எடுத்தாவ. பெரம்பு எடுத்தா விடமாட்டாவ" என்றார். தேய்க்கிறவர் தோளில் வேலையாக இருந்தார். இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தொடையைத் தடவிக்கொண்டது. அந்தத் தடவலை நான் கண்ணால் பார்த்தேன், கணக்கில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரிடம் பக்குவமாகச் சொன்னேன். "இன்ஸ்பெக்டர் 'ச' போட்டுச் சொல்லுதாவ சார்." அவர் மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார். அந்த ஆண்டு அவருடைய நீட்டிப்பும் இன்ஸ்பெக்டர் சிபாரிசில்தான் இருந்தது.

"என்கிட்ட படிச்ச பயதான். ஆனாலும் இப்ப ஆபீசர்லா. 'ச'ன்னே இருக்கட்டும். பயலுவளுக்கு நல்லா உருப்போட வையும்" என்றார்.

திங்களும் செவ்வாயும் பையன்கள் தலைக்கு இருபது முறை மார்செஸ்ஸென்ட் சொன்னார்கள். பக்கத்து வகுப்பில் சரித்திரம் நடத்த முடியவில்லை என்று புகார் வந்தது. புதன்கிழமை காலை சந்தையில் கொய்யாப்பழம் வாங்கினேன். பையன்கள் முப்பத்தெட்டு, தலைமையாசிரியர் ஒன்று, இன்ஸ்பெக்டர் ஒன்று. நாற்பது பழம். ஒவ்வொன்றின் தலையிலும் வாடிய புல்லிவட்டம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். பழக்காரி, "சட்டைக்குப் பித்தான் பாக்குத மாதிரில்லா பாக்குதீய" என்றாள்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். முதலில் இன்ஸ்பெக்டர், அடுத்து தலைமையாசிரியர், பின்னால் வெள்ளை வேட்டி சரசரக்க மேனேஜர். மேனேஜர் வகுப்புக்குள் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. என் நாற்பதில் அவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் படத்தின் முன்னால் நின்றார். பக்கத்தில் தம்மைப் பிரம்பால் வளர்த்தவர் நிற்கிறார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தம்பிகளா, மார்கெஸ்கென்ட் அப்படின்னா என்ன?" என்று கேட்டார்.

முப்பத்தெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நாளாக அவர்கள் கேட்காத சொல் அது. தலைமையாசிரியர் பதறிப்போய், "சார் கேக்குதாவல்லா, மார்செஸ்ஸென்ட்! சொல்லுங்க லே" என்றார்.

தம் ஆசிரியர் 'ச' போட்டுவிட்டாரே என்று இன்ஸ்பெக்டர், "அதான், மார்செஸ்ஸென்ட்" என்றார். அதே நொடியில், ஆபீசர் 'க' போட்டாரே என்று தலைமையாசிரியர், "மார்கெஸ்கென்ட், மார்கெஸ்கென்ட்" என்று திருத்திக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்கள். மறுபடியும் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் 'க'வுக்கு வரும்போது மற்றவர் 'ச'வுக்குப் போயிருந்தார். நான்கு முறை இது நடந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லி இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் உபசரித்து, கடைசிவரை இருவரும் நின்றுகொண்டே இருப்பார்களே, அப்படி அந்தச் சொல் அந்தரத்தில் நின்றது.

முன்வரிசைப் பையன் எழுந்தான். "எதைச் சார் சொல்லணும்?"

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்காமலே படத்தை ஒரு பார்வை பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு? மார்க்கசெண்டு. சொல்லுங்க லே!"

"மார்க்கசெண்டு!" என்று முப்பத்தெட்டுத் தொண்டைகளும் முழங்கின. ஒரு முறை கூட உருப்போடாத சொல்; ஒருவன்கூடத் தப்பவில்லை.

"மார்க்கசெண்டு, ஆமா" என்றார் சம்பளம் வாங்குகிற தலைமையாசிரியர்.

"அப்பிடியும் உண்டு அண்ணாச்சி, மார்க்கசெண்டு" என்றார் பங்களாவில் தங்கியிருக்கிற இன்ஸ்பெக்டர். இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. லத்தீன் தோன்றிய காலம் தொட்டுத் தீராத வழக்கு ஒன்று தென்காசியில் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் திரும்பி, "சார், நீங்க ஒரு தடவ சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

எதிரில் மூன்று பெரியவர்கள். ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மேனேஜர் கையெழுத்து, தலைமையாசிரியர் சிபாரிசு, இன்ஸ்பெக்டர் குறிப்பு. மார்க்கசெண்டு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால் எல்லாரும் ஏற்றிருப்பார்கள். ஆனால் படிக்காத சொல்லைப் படித்தவன் சொன்னான் என்று இன்ஸ்பெக்டர் பிறகு நினைத்துக்கொள்வாரோ என்று பயம். 'ச' சொன்னால் மேனேஜர் முகம் சுளிப்பார். 'க' சொன்னால் அவரோடு இன்ஸ்பெக்டரும். சொல்லுக்கு அசை மூன்று, பெரியவர்களும் மூன்று. ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன்.

"மார்க்க... கெஸ்... ஸென்ட்" என்றேன்.

பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. மூவருமே தம் பங்கு கிடைத்ததைப் பார்க்கவில்லை. கிடைக்காத இரண்டு பங்கைத்தான் பார்த்தார்கள்.

"இவருக்கே வாய்ல வரல்லியே! பயலுவ நல்லாச் சொல்லுதானுவ" என்றார் மேனேஜர்.

பாடம் அதற்குமேல் ஓடவில்லை. பழத்தைக் கொடுத்தேன். பையன்களுக்கு முப்பத்தெட்டு போக மேசையில் இரண்டு. பெரியவர்கள் மூன்று. இன்ஸ்பெக்டர் தம்முடையதை மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர், விருந்தாளி முதலில் என்று திருப்பினார். தலைமையாசிரியர் தம்முடையதை இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார், அவர், "சார் முன்னால நான் சாப்பிடுததா?" என்று மேசையில் வைத்துவிட்டார். இரண்டு பழமும் மேசையிலேயே இருந்தன. மணி அடித்ததும் ஏதோ ஒரு பையன் தின்றான். கறுத்த தலையையும் சேர்த்தே தின்றிருக்க வேண்டும். கீழே ஒன்றும் கிடக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "மாணவர் உச்சரிப்பு நன்று. ஆசிரியர் தடுமாறுகிறார். அடுத்த ஆண்டு ஆய்வில் மீண்டும் பார்க்கலாம். இப்பிடி எழுதிட்டுப் போயிட்டாவ. அடுத்த சாரலுக்குப் பாப்போம் வே" என்றார். அவருக்கு நீட்டிப்பு வந்துவிட்டது.

செய்தி புளியங்குடிக்கு என்னை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது. "என்ன மாப்ள, மழ பேஞ்சாத்தான் பெர்மனண்டா?" என்றார் மாமனார். கேலிக்குச் சொன்னார். அது உண்மையாகவே போயிற்று.

1959இல் எங்களுக்குச் சாரல் சரியாக விழவில்லை. ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. பெரிய அருவியில் பாறைதான் தெரிந்தது. அதன்மேல் ஒரு கோடு ஈரம். நான் தினமும் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன். விவசாயிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒமக்கு எத்தன ஏக்கர்?" என்று ஒருவர் பரிவோடு கேட்டார். எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் உத்தியோகம் மானாவாரி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அருவி வறண்டதும் எங்கள் பள்ளியின் குறைகளும் வறண்டுவிட்டன. வேலை மிகுதியால் இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பக்கம் வர இயலவில்லை என்று தெரிவித்தார்கள்.

இரண்டு கோடை விடுமுறையும் புளியங்குடியில் கழிந்தன. காலையில் உட்கார்ந்தால் எலுமிச்சங்காயை ஐந்தைந்தாக எடுத்துக் குவிப்பேன். லாரி ஏறும்வரை எண்ணுவேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எலுமிச்சங்காயை யார் எப்படி உச்சரித்தாலும் எண்ணிக்கை மாறவில்லை. மாமனார் சம்பளம் தரவில்லை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பது மரியாதை இல்லையாம். போகும்போது ஒரு பை காய் தருவார். அது பாதி அழுகும்.

1960இல் சாரல் ஜூன் முதல் வாரமே இறங்கிவிட்டது. புது இன்ஸ்பெக்டர் வந்தார், கணித ஆள். தலைமையாசிரியர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். படம் அதே சுவரில் மூன்று ஆணியில் தொங்கியது. புது இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவே இல்லை. சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, "ஐந்தருவில கூட்டம் எப்படி?" என்று கேட்டார். முந்திய ஞாயிறு நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்றேன். "கணக்காச் சொல்லுதீரே!" என்று மகிழ்ந்து நான்கு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் நிரந்தரமானேன்.

அந்த வகுப்புப் பையன்களில் ஒருவர், முன்வரிசையில் இருந்தவர்தான், பின்னால் தாவரவியல் படித்து வெளியூர்க் கல்லூரி ஒன்றில் வேலைக்குப் போனார். பல வருடம் கழித்து ராயகிரி பஸ்ஸில் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "கொய்யாவுக்கு இப்ப என்ன சொல்லிக்கொடுக்கீரு?" என்று கேட்டேன். "மார்க்கசெண்டுதான் சார். நீங்க சொல்லிக்கொடுத்ததை மாத்துவனா?" என்றார்.

நான் திருத்தவில்லை. உட்கார இடம் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சொல்லால் எனக்கு ஆன நஷ்டக் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன். இரண்டு கோடையிலும் சேர்த்து வராத நான்கு மாதச் சம்பளம், மாதம் எண்பத்தைந்து வீதம் முந்நூற்று நாற்பது ரூபாய். ஓராண்டு தவறிய உயர்வு, மாதம் ஐந்து வீதம் அறுபது. படத்துக்குத் துணியும் மையும் மூன்றே கால். குற்றாலத்துக்குப் போக வர பஸ் முப்பது புதுப்பைசா. எண்ணெய் தேய்த்த கூலி ஒரு ரூபாய். தலைமுழுக எனக்கு நேரமில்லை, எண்ணெயோடுதான் பஸ் ஏறினேன். நாற்பது கொய்யா ஒரு ரூபாய் இருபது. ஆக மொத்தம் நானூற்று ஐந்து ரூபாய், எழுபத்தைந்து புதுப்பைசா.